கறுப்பு மணலும் காந்தக் காவலியும்: வன்னிப் பயணக் குறிப்புகள்

திங்கள், வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கு

பஸ் ஓமந்தையைத் தாண்டும்போதே வெயில் ஏறிவிட்டது. ஆடி மாதம். ஏ9 வீதியின் இரண்டு பக்கமும் காடு காய்ந்து பழுப்பேறி நிற்கிறது. சோளகக் காற்று யன்னலால் புழுதியை அள்ளிப் போடுகிறது. என் மடியில் ஒரு சின்னப் பெட்டி. அதற்குள் விரல்நகம் அளவுகூட வராத, மினுங்கும் சாம்பல் நிறப் பளிங்கு ஒன்று. பிஸ்மத்து செலீனைட்டு. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு இடவியல் காவலிகள் பற்றிச் சொல்ல வரும்படி பௌதிகவியல் படிப்பிக்கும் நண்பர் ஒருவர் அழைத்திருந்தார். டோபாலஜிக்கல் இன்சுலேட்டர் என்று ஆய்வுக்கூடங்களில் சொல்வது இதைத்தான். காவலி என்றால் மின்னைக் கடத்தாத பொருள். இடவியல் என்றால் வளைத்தாலும் நீட்டினாலும் மாறாத குணங்களைப் பற்றிய கணிதம்.

பக்கத்தில் இருந்த அம்மா கனகராயன்குளத்தில் இறங்குகிறவர். நான் பெட்டியைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்துவிட்டு, "தம்பி, தங்கமோ?" என்று கேட்டார்.

"இல்லையம்மா, ஒரு கல்லு. உள்ளுக்குள்ளால கரண்ட் ஓடாது, மேல்பக்கத்தால மட்டும் ஓடும்."

"மேல முலாம் பூசியிருக்கோ?"

இந்தக் கேள்வியைப் பலரும் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். முலாம் என்றால் சுரண்டி எடுத்துவிடலாம். இந்தக் கல்லைச் சுரண்டினால், சுரண்டிய இடத்தில் வெளிவரும் புதிய மேற்பரப்பும் மின்னைக் கடத்தும். இரண்டாக உடைத்தால் உடைந்த முகங்களும் கடத்தும். மேற்பரப்பில் தெரிகிற அந்தக் குணம் மேற்பரப்பில் வைத்த ஒன்று அல்ல, உள்ளே இருக்கும் முழுப் பளிங்கினதும் குணம். அம்மாவுக்கு அதைச் சொல்லி முடிப்பதற்குள் கனகராயன்குளம் வந்துவிட்டது.

முறிகண்டியில் பஸ் நின்றது. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பவர்கள் உடைக்க, நான் கச்சான் வாங்கினேன். ஏ9 வீதியால் போகிற எவரும் இந்த இடத்தைச் சும்மா கடந்து போவதில்லை.

ஒன்றை இப்போதே சொல்லிவைக்கிறேன். இந்தத் துறையைப் பற்றிய பொதுப் பேச்சுகள் பெரும்பாலும் "உள்ளே காவலி, வெளியே கடத்தி" என்ற அதிசயத்தோடு முடிந்துவிடும். காந்தம் சேர்ந்தால் அந்த அதிசயம் கெட்டுவிடும் என்று ஒரு வரியும் கடைசியில் வரும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. காந்தம் சேர்ந்த இடத்திலிருந்துதான் இந்தத் துறை மேலும் ஆழமாகிறது. அந்த இரண்டாவது பாதியைப் பிள்ளைகள் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு தூரம் வருகிறேன்.

செவ்வாய், கிளிநொச்சி

பள்ளிக்கூடத்துக்குப் போகுமுன் நண்பரும் நானும் நகரத்தில் ஒரு மின்சாதனத் திருத்தகத்துக்குப் போனோம்.

"அண்ணை, பெல்ற்றியர் தட்டு இருக்கோ?"

"தண்ணி குளிராக்கிற மெசினுக்குப் போடுறதோ? இருக்கு."

நாலு சதமமீற்றர் சதுரம், வெள்ளைப் பீங்கான் முகங்கள், சிவப்பும் கறுப்புமாக இரண்டு வயர்கள். இப்படியான வழக்கமான தட்டு ஒன்றுக்குள் 127 சோடிச் சின்னத் தூண்கள் இருக்கும். அவை பிஸ்மத்து தெலூரைட்டுக் கலவையால் ஆனவை. வகுப்பில் அதை மோட்டார் சைக்கிள் பற்றரியில் பொருத்தி, சூடாகும் பக்கத்தைத் தண்ணீர் நிரப்பிய அலுமினியச் சட்டியின் மேல் வைத்தோம். கொஞ்ச நேரத்தில் மற்றப் பக்கத்தில் பனித்துளிகள் படிந்தன. கிளிநொச்சியின் ஆடி வெயிலில் அதைத் தொட்டுப் பார்க்கப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள்.

இதை ஏன் காட்டினேன் என்றால், பிஸ்மத்து தெலூரைட்டு மின்னால் குளிரூட்டப் பயன்படும் என்பது 1954 முதல் தெரியும். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக உலகம் அதை வெட்டி, ஒட்டி, விற்றுக்கொண்டு இருந்தது. அதே பொருள் ஓர் இடவியல் காவலி என்பது 2009இல்தான் தெரியவந்தது. அதைக் காண்பதற்குப் புதிய மூலகம் எதுவும் தேவைப்படவில்லை. தேவைப்பட்டது ஒரு புதிய கேள்வி.

அந்தக் கேள்வி எங்கே தொடங்கியது என்பதைக் கொஞ்சம் வேகமாகவே சொன்னேன். 1980 பெப்ரவரியில் பிரான்சின் கிரெனோபிள் நகரில் கிளாவுஸ் ஃபொன் கிளிட்சிங், மிகக் குளிர்ந்த ஒரு குறைகடத்தியைப் பலமான காந்தப்புலத்தில் வைத்து, மின்னோட்டத்துக்குக் குறுக்கே மின்னழுத்தம் தோன்றும் ஹோல் விளைவை அளந்தார். தடை வழுக்கி மாறவில்லை, படிப்படியாக நின்றது. ஒவ்வொரு படியும் 25,812.807 ஓமை ஒரு முழு எண்ணால் வகுத்த பெறுமானம். மாதிரியின் அளவோ, வடிவமோ, அழுக்கோ அந்த எண்ணை மாற்றவில்லை. 1982இல் தௌலெஸ், கோமோட்டோ, நைட்டிங்கேல், டென் நைஸ் ஆகிய நால்வர் அந்த முழு எண்ணுக்கு விளக்கம் தந்தார்கள்: அது இலத்திரன் அலைகள் மொத்தமாக எப்படிச் சுற்றிக்கொள்கின்றன என்பதை எண்ணும் ஓர் இடவியல் எண். 1988இல் டங்கன் ஹால்டேன், வெளியிலிருந்து காந்தப்புலம் எதுவும் போடாமலே இப்படியான எண் வரக்கூடிய ஒரு தேன்கூட்டு அணிக்கோவையைத் தாளில் வரைந்து காட்டினார். அதைச் செய்யக்கூடிய பொருள் அப்போது எவர் கையிலும் இல்லை. தௌலெஸும் ஹால்டேனும், அவர்களோடு கோஸ்டர்லிட்சும், 2016இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

2005இல் சார்ல்ஸ் கேனும் யூஜின் மெலேயும் இன்னொரு வாசலைத் திறந்தார்கள். காந்தமே இல்லாத காவலிகளுக்கும் ஓர் இடவியல் எண் உண்டு என்றார்கள். அது பூச்சியம் அல்லது ஒன்று, வேறு பெறுமானம் கிடையாது. 2006இல் பெர்னெவிக், ஹியூஸ், ஷௌ-செங் ஜாங் மூவரும் இரசத் தெலூரைட்டுப் படை ஒன்று 6.3 நனோமீற்றரை விடத் தடிப்பாகும்போது அந்த எண் ஒன்றாகும் என்று கணித்தார்கள். அடுத்த வருடமே ஜெர்மனியின் வூர்ட்ஸ்பேர்க்கில் மோலன்காம்பின் குழு அதை அளந்து காட்டியது.

பாடப்புத்தகத்தில் பிள்ளைகளுக்கு வலுவளவுப் பட்டை, கடத்தற் பட்டை, இடையில் சக்தி இடைவெளி எல்லாம் தெரியும். சிலிக்கனுக்கு 1.1 இலத்திரன்வோல்ற்று என்று கேட்கமுன்னரே சொன்னார்கள். பிஸ்மத்து செலீனைட்டுக்கு அது சுமார் 0.3. ஆனால் முக்கியம் அளவு அல்ல, ஒழுங்கு. பிஸ்மத்து பாரமான அணு. அதன் இலத்திரன்கள் கருவுக்கு அருகில் மிக வேகமாக ஓடுவதால், அவற்றின் ஸ்பின்னும் (இலத்திரன் தன்னோடு கொண்டிருக்கும், சின்னக் காந்தம் போன்ற சுழற்சிக் குணம்) ஓட்டமும் பலமாகப் பிணைகின்றன. அந்தப் பிணைப்பு, மேலே இருக்க வேண்டிய பட்டையைக் கீழேயும் கீழே இருக்க வேண்டியதை மேலேயும் தள்ளிவிடுகிறது. இடைவெளி திரும்பவும் திறக்கிறது. ஆனால் இப்போது பட்டைகள் இடம் மாறிய காவலி அது.

"சேர், இடம் மாறினா என்ன? இடைவெளி இருக்குத்தானே, பிறகு எப்பிடிக் கடத்தும்?" என்று பின்வரிசைப் பிள்ளை ஒன்று கேட்டது.

பின்னேரம் இரணைமடுப் பக்கம் வயல்களுக்குப் போனபோது அதற்கான விடையை வரம்பின் மேல் நின்று சொன்னேன். நண்பரும் அந்தப் பிள்ளையும் இன்னும் சிலரும் கூடவே வந்திருந்தார்கள். குளத்தில் நீர் இறங்கியிருந்தது, ஆனாலும் வாய்க்கால் வழியே வந்த தண்ணீரில் சிறுபோக நெல் கதிர் முற்றி நின்றது. பக்கத்துப் பக்கத்து வயல்கள் இரண்டு. ஒன்று மற்றதை விட ஒரு சாண் உயரம். இடையில் வரம்பு. அந்த வரம்பை மண்வெட்டியால் வெட்டி எறியலாம், வளைக்கலாம், அகலமாக்கலாம். என்ன செய்தாலும் மேல்வயலிலிருந்து கீழ்வயலுக்குப் போகிற வழியில் எங்கோ ஒரு படி இருந்தே தீரும். படியை இடம் மாற்றலாம், இல்லாமல் செய்ய முடியாது. வயல்கள் இரண்டும் மட்டமானால்தான் படி போகும்.

இடவியல் எண் ஒன்றாக இருக்கும் பளிங்கும், பூச்சியமாக இருக்கும் வெளிக் காற்றும் அப்படித்தான். ஒன்று பூச்சியமாக வேண்டுமென்றால் நடுவில் எங்கோ சக்தி இடைவெளி மூடியாக வேண்டும். மூடுகிற அந்த இடம்தான் மேற்பரப்பு. இடைவெளி மூடினால் கடத்தும். "அப்ப மேற்பரப்பை உடைச்சாலும் படி உள்ளுக்குப் போயிடும்" என்றது பிள்ளை. அதேதான்.

அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடத்தைத் தாண்டித் திரும்பி வந்தோம். இந்தப் பிள்ளைகளில் சிலர் ஒரு நாள் அங்கே படிப்பார்கள் என்று நண்பர் சொன்னார். சொன்ன குரலில் சந்தேகம் இல்லை.

இரவு பெட்டியை மூடும்போது காலையில் அதே பிள்ளை கேட்ட கடைசிக் கேள்வி திரும்ப ஞாபகம் வந்தது: "சேர், இதுக்குக் கிட்டக் காந்தத்தைக் கொண்டு போனா என்ன நடக்கும்?" முல்லைத்தீவில் சொல்கிறேன், உங்கள் சேரும் வருகிறார், அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தேன்.

புதன், பரந்தன் வழியாக முல்லைத்தீவுக்கு

பரந்தன் சந்தியில் கிழக்கே திரும்பி, தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு. இந்த வீதியில் போகிறவர்களுக்கு 2009 என்ற ஆண்டைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. வகுப்பில் அந்த ஆண்டைக் கரும்பலகையில் எழுதியபோது ஒரு கணம் எல்லாரும் அமைதியானார்கள். பிஸ்மத்து செலீனைட்டு, பிஸ்மத்து தெலூரைட்டு, அந்திமனித் தெலூரைட்டு என்ற மூன்றும் இடவியல் காவலிகள் என்று உலகம் அறிந்த ஆண்டும் அதுதான். நான் அன்று அந்தச் செய்தியை அறியவில்லை. அந்தக் கட்டுரைகளை வாசித்தது பல காலம் கழித்து. இன்று உயர்தரம் படிக்கிறவர்கள் அப்போது கைக்குழந்தைகள், அல்லது பிறந்திருக்கவே இல்லை. அவர்கள் தங்கள் மண்ணில் இருந்துகொண்டு, தங்கள் மொழியில் இதைப் படிக்க வேண்டும் என்பதில் எனக்கு இருக்கும் பிடிவாதத்துக்கு வேறு காரணம் தேவையில்லை.

வற்றாப்பளையில் இறங்கிக் கண்ணகை அம்மன் கோவிலுக்குப் போய்வந்தோம். வைகாசிப் பொங்கலின் சனம் இப்போது இல்லை. நந்திக்கடல் ஓரமாகக் காற்று மட்டும். இரவு முல்லைத்தீவில் நண்பரின் அக்கா வீட்டில் நண்டுக்கறியும் புட்டும்.

வியாழன், முல்லைத்தீவு

இன்று சொன்னதுதான் நான் சொல்ல வந்தது.

ஒளிமின் விளைவில் தொடங்கினேன், அது பாடத்திட்டத்தில் இருப்பதால். ஒளி விழுந்தால் இலத்திரன் வெளியே வரும், அதன் சக்தியை அளக்கலாம். அது எந்தக் கோணத்தில் வெளியே வருகிறது என்பதையும் சேர்த்து அளந்தால், பளிங்குக்குள் அது எவ்வளவு உந்தத்தோடு ஓடிக்கொண்டிருந்தது என்பதையும் கண்டுபிடிக்கலாம். பிரின்ஸ்டனில் இந்த முறையால் பிஸ்மத்து செலீனைட்டின் மேற்பரப்பைப் படம்பிடித்த குழுவின் தலைவர் ஸாஹிட் ஹசன், டாக்காவில் பிறந்தவர். படத்தில் தெரிந்தது நுனியோடு நுனி தொடும் இரண்டு கூம்புகள். அந்தக் கூம்பில் ஒரு பக்கம் போகும் இலத்திரனின் ஸ்பின் ஒரு திசையில் இருந்தால், எதிர்ப்பக்கம் போவதன் ஸ்பின் எதிர்த் திசையில் இருக்கும். ஓட்டமும் ஸ்பின்னும் பூட்டப்பட்டவை.

இந்தப் பூட்டுக்குக் காவல் நேரம். நேரத்தைப் பின்னோக்கி ஓட்டினால் வலப்பக்கம் போன இலத்திரன் இடப்பக்கம் போகும், ஸ்பின்னும் புரளும். பளிங்கின் விதிகள் இரண்டு ஓட்டத்துக்கும் ஒன்றே. வழியில் ஒரு சாதாரண அழுக்கு அணு இருந்தால் அது இலத்திரனை நேரே திருப்பி அனுப்ப முடியாது. திருப்ப வேண்டுமென்றால் ஸ்பின்னையும் புரட்ட வேண்டும், அந்த வேலை காந்தமில்லாத அழுக்கால் ஆகாது. சாய்வாகச் சிதறடிக்கலாம், நேரே பின்னால் அனுப்ப இயலாது.

இதில் உண்மையான சிக்கல் ஒன்றையும் சொன்னேன். பேரில் காவலி என்றாலும், கையில் இருக்கும் பிஸ்மத்து செலீனைட்டு உள்ளுக்குள்ளும் ஓரளவு கடத்தும். வளரும்போது செலீனியம் அணுக்கள் சில இடம் விட்டுப் போவதால் மிகையான இலத்திரன்கள் உள்ளே தங்கிவிடுகின்றன. மேற்பரப்பின் மெல்லிய மின்னோட்டம் அதில் மூழ்கிப் போகும். பிஸ்மத்தையும் அந்திமனியையும் சரியான விகிதத்தில் கலந்து அதைச் சரிக்கட்டுகிறார்கள். ஆண்டுக்கணக்கான பொறுமை வேண்டிய வேலை அது.

சரி, காந்தம். செவ்வாய்க்கிழமைப் பிள்ளையின் கேள்வியைப் பலகையில் எழுதினேன். காந்தத்துக்கு நேரத்தின் திசை தெரியும். நேரத்தைப் பின்னோக்கி ஓட்டினால் காந்தத்தின் வடக்கு தெற்காகும். ஆகவே பளிங்குக்குள் காந்தம் புகுந்தால் காவல் போய்விட்டது. கூம்புகளின் நுனிகள் விலகி, மேற்பரப்பிலும் ஓர் இடைவெளி திறக்கிறது. மேற்பரப்பு இனிக் கடத்தாது.

"அப்ப எல்லாம் முடிஞ்சுதே சேர்?" என்றார்கள்.

முடியவில்லை. மேற்பரப்புக்கு நிமிர்ந்து நிற்கும் காந்தத்தால் இடைவெளி திறந்த ஒவ்வொரு முகமும் ஹோல் கடத்துதிறனில் பாதி அலகைத் தாங்குகிறது. அலகு என்பது கிளிட்சிங் கண்ட எண்ணின் தலைகீழ். பாதி என்பது இயற்கையில் தனியாக நிற்க முடியாத ஒன்று, ஆனால் ஒரு மெல்லிய படலத்துக்கு மேல்முகமும் உண்டு, கீழ்முகமும் உண்டு. இரண்டும் ஒரே திசைக் காந்தத்தோடு இருந்தால் பாதியும் பாதியும் சேர்ந்து ஒன்று. உள்ளே கடத்தாது, முகங்களில் கடத்தாது, விளிம்பைச் சுற்றி மட்டும், ஒரே திசையில் மட்டும், தடையின்றி மின்னோட்டம் போகும். திரும்பி வருவதற்குப் பாதையே இல்லை. முன்பு நேரச் சமச்சீர் காத்தது. இப்போது காப்பது அந்த முழு எண்ணே. இது முந்தியதை விட உறுதியான காவல். வெளியிலிருந்து காந்தப்புலம் எதுவும் தேவையில்லை. 1988இல் ஹால்டேன் தாளில் வரைந்தது இதுதான்.

2010இல் சீனாவிலும் ஸ்டான்ஃபோர்டிலும் இருந்தவர்கள் குரோமியமோ இரும்போ கலந்த பிஸ்மத்துத் தெலூரைட்டு வகைப் படலங்களில் இது நடக்கும் என்று கணக்குப் போட்டார்கள். 2013இல் பெய்ஜிங்கில் ஷ்யூ சிகுனின் குழு குரோமியம் கலந்த படலத்தில் அதை அளந்தது. சாங் சூய்-சூ அந்தக் கட்டுரையின் முதல் பெயர். தேவைப்பட்ட வெப்பநிலை 30 மில்லிகெல்வின். கெல்வினில் நூறில் மூன்று பங்கு! குரோமியம் அணுக்கள் பளிங்கில் கண்டபடி சிதறி இருப்பதால் இடைவெளி ஓரிடத்தில் பெரிதாகவும் ஓரிடத்தில் இல்லாமலும் போகிறது. சின்னச் சூடு பட்டாலும் அந்தப் பலவீனமான இடங்களால் மின் உள்ளே கசிந்துவிடும். 2015இல் வனேடியம் கலந்த படலங்கள் இன்னும் சுத்தமான எண்ணைத் தந்தன, குளிர் மட்டும் குறையவில்லை.

இதற்கு விடை, காந்த அணுவைத் தூவாமல் அதற்கென்று பளிங்கிலேயே ஓர் ஆசனம் கொடுப்பது. பிஸ்மத்து தெலூரைட்டு ஐந்து அணுப்படை கொண்ட அடுக்குகளால் ஆனது: தெலூரியம், பிஸ்மத்து, தெலூரியம், பிஸ்மத்து, தெலூரியம். அதன் நடுவே மங்கனீசும் தெலூரியமும் சேர்ந்த ஒரு சோடியைச் செருகினால் ஏழு படை: தெலூரியம், பிஸ்மத்து, தெலூரியம், மங்கனீசு, தெலூரியம், பிஸ்மத்து, தெலூரியம். பிள்ளைகள் கொப்பியில் எழுதிக்கொண்டார்கள். 2019இல் இந்தப் பொருள், மங்கனீசு பிஸ்மத்து தெலூரைட்டு, காந்தம் தன்னகத்தே கொண்ட முதல் இடவியல் காவலியாக அறிவிக்கப்பட்டது. சுமார் 25 கெல்வினுக்குக் கீழே ஓர் அடுக்கில் உள்ள மங்கனீசு எல்லாம் ஒரே பக்கம் பார்க்கும், அடுத்த அடுக்கில் எல்லாம் எதிர்ப்பக்கம் பார்க்கும்.

இங்கே பலகையை ஒரு மாணவியிடம் கொடுத்தேன். மேலே நோக்கி ஓர் அம்பு, அடுத்த அடுக்கில் கீழ்நோக்கி, திரும்பவும் மேலே. "நாலு அடுக்கு எண்டா மேல்முகமும் கீழ்முகமும் எதிர்த் திசை, அப்ப பாதியும் பாதியும் கழிஞ்சு பூச்சியம். அஞ்சு அடுக்கு எண்டா ரெண்டும் ஒரே திசை, அப்ப ஒண்டு." அவள் சொல்லி முடித்ததும் வகுப்பு கைதட்டியது, நானும் தட்டினேன். அதேபோலத்தான் அளந்தார்கள். 2020இல் ஷாங்ஹாயில், ஐந்து அடுக்குத் துண்டு ஒன்றில், வெளிப்புலம் இல்லாமல் 1.4 கெல்வினில் அந்த முழு எண் வந்தது. காந்தப்புலத்தால் அடுக்குகள் எல்லாவற்றையும் ஒரே பக்கம் திருப்பினால் 6.5 கெல்வின் வரைக்கும் நின்றது. அடுக்குகளின் எண்ணிக்கை இரட்டை எண்ணாக இருக்கும்போது வரும் பூச்சியமும் வெறுமை அல்ல. அக்சியன் காவலி என்ற பெயரில் அதற்கென்று ஓர் ஆய்வு உலகமே இருக்கிறது. மின்புலம் கொடுத்தால் காந்தம் தூண்டப்படும், காந்தப்புலம் கொடுத்தால் மின் முனைவு தூண்டப்படும், அதுவும் ஒரு குறித்த குவாண்டம் அளவில்.

பேச்சு முடிந்து பிள்ளைகள் போனபிறகும் அந்த மாணவி அம்புகளோடு நின்றாள். ஆறு அடுக்கில் நடுவே ஒன்றைப் புரட்டிப் போட்டால் என்ன ஆகும் என்று கேட்டாள். மேல்முகமும் கீழ்முகமும் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று அவளே பார்த்துச் சொன்னாள்.

வெள்ளி, கொக்கிளாய்

நாயாற்றுப் பாலம் தாண்டி, கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி வழியாகக் கொக்கிளாய். கடல் வாயிலுக்கு அப்பால் புல்மோட்டை. கரையில் வாடிகள், வலைகள். மணலில் அங்கங்கே கரும் கோடுகள். கனிம மணல் இது. புல்மோட்டையில் பிரித்தெடுக்கப்படும் இந்த மணலில் முக்கியமானது இல்மனைற்று, இரும்பும் தித்தேனியமும் ஒட்சிசனும் சேர்ந்த கனிமம். அதோடு உரூத்தைல், சேர்க்கோன், மொனசைற்று.

பழைய கணினி ஹார்ட் டிஸ்க் ஒன்றைக் கழற்றி எடுத்த நியோடிமியம் காந்தத்தை ஒரு பொலித்தீன் பையில் சுற்றிக் கரும் மணலுக்கு மேலே பிடித்தேன். கறுப்புத் துணிக்கைகள் எழுந்து ஒட்டின, வெள்ளை மணல் கீழேயே நின்றது. தொழிற்சாலையிலும் பலமான காந்தங்களால்தான் இல்மனைற்றைப் பிரிக்கிறார்கள்.

இதற்காகத்தான் இந்தக் கரைக்கு வர வேண்டும் என்று நண்பரிடம் அடம்பிடித்தேன். இல்மனைற்றின் பளிங்கில் இரும்பு ஒரு படை, தித்தேனியம் ஒரு படை என்று மாறிமாறி அடுக்கப்பட்டிருக்கும். 60 கெல்வினுக்குச் சற்றுக் கீழே குளிரவைத்தால் ஓர் இரும்புப் படையின் காந்தம் எல்லாம் ஒரு பக்கம், அடுத்த இரும்புப் படையில் எதிர்ப்பக்கம், படைத்தளத்துக்கு நிமிர்ந்தபடி. நேற்று அந்த மாணவி பலகையில் வரைந்த அம்புகள் அப்படியே! மங்கனீசு பிஸ்மத்து தெலூரைட்டின் காந்த ஒழுங்கும் கொக்கிளாய் மணலின் காந்த ஒழுங்கும் ஒரே வகை.

ஆனால் இல்மனைற்று இடவியல் காவலி அல்ல. அதில் பிஸ்மத்துப் போன்ற பாரமான அணு இல்லை. ஸ்பின்னும் ஓட்டமும் பலமாகப் பிணையாததால் பட்டைகள் இடம் மாறுவதில்லை. இரண்டும் ஒரே பளிங்கில் சேர வேண்டும், காந்த ஒழுங்கும் வேண்டும், பட்டைகளின் இடமாற்றமும் வேண்டும். ஒன்றைக் கொடுக்கும் பொருட்கள் உலகில் நிறைய உண்டு. இரண்டையும் சேர்த்துக் கொடுப்பவை அரிது. அந்த அரிதைத் தேடுவதுதான் இப்போது பல ஆய்வுக்கூடங்களின் வேலை, என்னுடையதும்.

திரும்பும் வழியில் நண்பர் கேட்டார், இதனால் என்ன பயன் என்று பிள்ளைகள் கேட்டால் நான் என்ன சொல்வது? முதலில் சொல்லக்கூடியது தடை அளவீடு. 2019 மே 20 முதல் கிலோகிராம் பிளாங்கின் மாறிலியால் வரையறுக்கப்படுகிறது, அதை ஆய்வுக்கூடத்தில் நிறுவும் கருவிகளுக்கு கிளிட்சிங்கின் 25,812.807 ஓம் தேவை. இன்று அந்த எண்ணைப் பெற மிகுந்த குளிரோடு பல தெஸ்லா பலமுள்ள பெரிய காந்தமும் வேண்டும். காந்த இடவியல் காவலியில் பெரிய காந்தம் தேவையில்லை. அளவீட்டு நிறுவனங்கள் ஏற்கெனவே அந்த எண்ணைப் பத்து லட்சத்தில் ஒரு பங்கை விடச் சிறிய வழுவோடு இந்தப் படலங்களில் அளந்திருக்கின்றன. நண்பருக்கு அது போதுமானதாக இருந்தது. எனக்கு அது இரண்டாம் காரணம்தான். ஓர் அழுக்குப் பளிங்கில், உடைத்தாலும் கெடாத ஒரு முழு எண் இருக்கிறது என்பதே எனக்கு முதல் காரணம்.

முல்லைத்தீவுக்குத் திரும்பியபோது அந்த மாணவி தன் சேரின் தொலைபேசிக்கு ஒரு கேள்வி அனுப்பியிருந்தாள். மங்கனீசு 25 கெல்வினிலேயே ஒழுங்காகிவிடுகிறது என்றால் முழு எண் ஏன் 1.4 கெல்வின் வரை காத்திருக்கிறது?

இதைத்தான் நாங்களும் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்று தொடங்கி நீளமாக எழுதினேன். பளிங்கு வளரும்போது மங்கனீசு அணுக்கள் சில பிஸ்மத்தின் இடத்திலும், பிஸ்மத்து அணுக்கள் சில மங்கனீசின் இடத்திலும் போய் இருந்துவிடுகின்றன. தவறான இடத்தில் இருக்கும் மங்கனீசு அடுக்கின் காந்தத்துக்கு எதிராகத் திரும்புகிறது. மேற்பரப்பின் இடைவெளியை அது சுருக்கும் என்று கணக்குகள் காட்டுகின்றன. 2019இலேயே ஒளியால் இலத்திரனை வெளியேற்றிப் பார்த்த சில குழுக்கள், இருக்க வேண்டிய இடைவெளியைக் காணவில்லை. வேறு சில குழுக்கள் கண்டன. மாதிரிக்கு மாதிரி வேறுபடுகிறது. இந்தப் பளிங்கு உருவாகும் வெப்பநிலை எல்லை மிகக் குறுகியது, அதற்கு மேலே போனால் உருகும், கீழே போனால் மற்றச் சேர்மங்களாகப் பிரியும். ஆகவே நாட்கணக்கில் உலையை அந்தக் குறுகிய எல்லைக்குள் பிடித்து வைத்து, இடம் மாறிய அணுக்களின் எண்ணிக்கையைக் குறைக்கப் பார்க்கிறோம். அது குறையக் குறைய 1.4 என்ற எண் எவ்வளவு தூரம் 25 நோக்கி ஏறும் என்பதைத்தான் அளந்துகொண்டிருக்கிறோம்.